புட்டியில் எழுதியதும் புட்டிக்குள் இருந்ததும்

பானப் புட்டியில் ஒட்டிய லேபிள் உண்மை சொல்கிறதா என்று அமெரிக்க நீதிமன்றங்கள் விசாரிக்கத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆரம்பத்தில் வழக்குப் போட்டது அரசாங்கம். அடுத்து, ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தை எதிர்த்து அதன் போட்டி நிறுவனம் போட்டது. காசு கொடுத்து வாங்கிக் குடித்தவர்கள் தாங்களே வழக்காட வந்தது கடைசியில்தான். இத்தனை காலத்திலும் 'ஏமாற்றக் கூடாது' என்ற சட்டத்தின் அடிப்படை மாறவில்லை. யார் வாதியாக நிற்கலாம், லேபிளைப் படிக்கிறவர் எவ்வளவு விவரமானவர் என்று வைத்துக்கொள்வது, இந்த இரண்டும்தான் மாறிக்கொண்டே வந்தன.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பானத்துக்கும் மருந்துக்கும் நடுவே வேலி கிடையாது. சோடா விற்றதே மருந்துக் கடைகளில்தான். அட்லாண்டாவில் மருந்து தயாரித்து விற்றுவந்த ஜான் பெம்பர்ட்டன் 1886-ல் கோகோ கோலாவை உருவாக்கியபோது, மூளைக்கு வலுவூட்டும் டானிக், தலைவலிக்கு நல்லது என்றெல்லாம் சொல்லித்தான் அது விற்பனைக்கு வந்தது. 1898-ல் ஸ்பெயினுடன் நடந்த போரின் செலவுக்காக அரசு மருந்துகளுக்கு வரி போட்டது. உடனே கோகோ கோலா நிறுவனம், தன் சரக்கு மருந்தல்ல, தாகத்துக்குக் குடிக்கும் பானம் என்று வழக்காடி, கட்டிய வரியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. விற்கும்போது டானிக், வரி என்று வந்தால் வெறும் பானம்.

இந்த வேலியைப் போட முயன்றது, 1906 ஜூன் 30 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம். அதற்காக நெடுங்காலம் போராடியவர் வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி. பதப்படுத்தும் ரசாயனங்கள் கலந்த உணவை இளைஞர் குழு ஒன்றுக்கு நாள்தோறும் பரிமாறி, அவர்கள் உடம்பு என்ன ஆகிறது என்று 1902 முதல் குறித்துவந்தவர் அவர். பத்திரிகைகள் அந்தக் குழுவுக்கு 'நஞ்சுப் படை' என்று பெயர் வைத்தன. புதிய சட்டம் கலப்படம், பொய் லேபிள் என்ற இரண்டு குற்றங்களைச் சொன்னது. ஆள் மேல் மட்டுமல்லாமல் சரக்கின் மேலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது அதன் விசித்திரமான அம்சம். அதனால்தான் அக்கால வழக்குகளில் பிரதிவாதியின் இடத்தில் மனிதர் பெயர் இல்லாமல் பெட்டிகளும் மூட்டைகளும் பீப்பாய்களும் நிற்கின்றன.

அவற்றில் பேர்போனது, 'அமெரிக்க அரசு எதிர் நாற்பது பீப்பாய், இருபது சிறு பீப்பாய் கோகோ கோலா'. 1909 அக்டோபரில் அட்லாண்டாவிலிருந்து டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகருக்குப் போன பாகுப் பீப்பாய்களை அதிகாரிகள் கைப்பற்றினார்கள். குற்றச்சாட்டு இரண்டு. முதலாவது, பாகில் சேர்த்த காஃபின் உடம்புக்குக் கேடு என்பது. மற்றது, பெயரே பொய் என்பது. கோகா இலையும் கோலாக் கொட்டையும் இருப்பதுபோல் பெயர் சொல்கிறது, லேபிளில் அவற்றின் படமும் இருக்கிறது, ஆனால் உள்ளே கோகா இல்லை, கோலாவும் இருந்தால் கொஞ்சம்தான் என்றது அரசு. கோகெய்னை நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன்பே நீக்கிவிட்டிருந்தது. நல்ல காரியம் செய்ததே பெயரைப் பொய்யாக்கிவிட்ட வேடிக்கை அது.

1911 மார்ச்சில் சட்டனூகாவில் விசாரணை நடந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஹாரி ஹாலிங்வொர்த்தை நிறுவனம் அமர்த்திக்கொண்டது. அவர் 16 பேருக்கு, யாருக்கு எந்த நாளில் காஃபின், எந்த நாளில் வெறும் மாத்திரை என்று அவர்களுக்கே தெரியாதபடி கொடுத்து, தட்டச்சு, கணக்கு, கையின் நிதானம் என்று பலவற்றையும் அளந்தார். விளம்பரப் பொய்யை விசாரிக்க வந்த வழக்கு, உளவியல் ஆய்வு முறைக்கே ஒரு முன்மாதிரியைக் கொடுத்துவிட்டுப் போனது. ஆனால் நீதிபதி அந்தச் சான்றின் பக்கமே போகவில்லை. காஃபின் அந்தப் பானத்தின் செய்முறையிலேயே உள்ளது, அதைப் 'பிறகு சேர்த்த பொருள்' என்று சொல்ல முடியாது என்று சொல்லி, நிறுவனத்துக்குச் சாதகமாக முடித்துவிட்டார்.

1916-ல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ். செய்முறையில் உள்ளதெல்லாம் சேர்த்ததாகாது என்றால், ஆர்செனிக்கையும் ஸ்ட்ரிக்னினையும் செய்முறையிலேயே எழுதிக்கொண்டு ஏதோ ஒரு புனைபெயரில் விற்கலாமே, பிறகு சட்டம் எதற்கு என்று அவர் கேட்டார். பெயர் ஏமாற்றுகிறதா என்பதையும் ஜூரிதான் சொல்ல வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார். ஜூரி சொல்லும் நாள் வரவே இல்லை. நிறுவனம் காஃபினைப் பாதியாகக் குறைத்து, வழக்குச் செலவையும் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. பெயர் அப்படியே நின்றது. வைலி அதற்கு முன்பே, 1912-ல், பதவியை விட்டுப் போய்விட்டார். லேபிள் வழக்குகள் பிற்காலத்தில் எப்படியெல்லாம் முடியப்போகின்றன என்பதற்கு இதுவே அச்சு: இரு தரப்பும் வென்றோம் என்று சொல்லிக்கொள்ளலாம், மையக் கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.

அதே காலத்தில் ஊற்றுநீர் விற்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள். வர்ஜீனியாவின் 'பஃபலோ லித்தியா வாட்டர்' சிறுநீரகக் கோளாறு, மூட்டுவாதம் என்று பலவற்றுக்கும் கைகண்ட மருந்தாக விற்றது. லித்தியம் இருப்பதுதான் அதன் சிறப்பு என்பது பெயரிலேயே இருந்தது. அரசு வேதியியலாளர்கள் சோதித்துப் பார்த்ததில், வாஷிங்டன் ஓரமாக ஓடும் பொட்டோமாக் ஆற்றுத் தண்ணீரில் அதைப்போல் ஐந்து மடங்கு லித்தியம் இருந்தது. மருந்தாகப் பயன்படும் அளவு லித்தியம் கிடைக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு 1,50,000 முதல் 2,25,000 காலன் வரை குடிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கணக்குச் சொன்னது. தண்ணீர் லாரியில் கொண்டுவந்தால் நாற்பது லாரிக்குக் குறையாது. நிறுவனம் 'லித்தியா' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'மினரல் ஸ்பிரிங்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு விற்பனையைத் தொடர்ந்தது. இதற்கு நேர் எதிராக, 1929-ல் கடைக்கு வந்த 'செவன்-அப்' பானத்தில் லித்தியம் உப்பு நிஜமாகவே இருந்தது. அது 1948 வரைக்கும் இருந்தது.

1924-ல் வந்த ஒரு தீர்ப்பு பானத்தைப் பற்றியதல்ல, ஆப்பிள் வினிகரைப் பற்றியது. ஆனாலும் இந்த வரலாற்றில் அதைத் தாண்டிப் போக முடியாது. உலர்ந்த ஆப்பிளைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த வினிகரை, பொறுக்கியெடுத்த ஆப்பிளில் செய்தது என்று விற்றார்கள். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்தால் பொய் என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் படிப்பவர் மனதில் விழுவது, புதுப் பழத்தைப் பிழிந்த சாறு என்ற எண்ணம். சொல்லளவில் உண்மையாக இருந்தாலும் மொத்தத்தில் ஏமாற்றுகிற எழுத்தும் படமும் உத்தியும் குற்றமே என்றது உச்ச நீதிமன்றம். இன்றைக்கு ஒரு ஜூஸ் டப்பாவின் படத்தை வைத்து வழக்காடுகிற வழக்கறிஞர் நிற்பது இந்தத் தரையில்தான்.

லேபிளில் எழுதியது அத்தனையும் உண்மையாக இருந்து, அந்த உண்மையே ஆளைக் கொன்ற கதையும் உண்டு. நியூ ஜெர்சியில் வில்லியம் பெய்லி என்பவரின் நிறுவனம் 1920-களில் 'ரேடிதோர்' என்ற தண்ணீரை அரை அவுன்ஸ் புட்டிகளில் அடைத்து விற்றது. அதில் ரேடியம் இருப்பதாக லேபிள் உத்தரவாதம் கொடுத்தது. ரேடியம் இருக்கவும் செய்தது. அப்போது சந்தையில் கதிரியக்கத் தண்ணீர் என்று பலர் விற்றதில் கதிரியக்கமே இருக்காது. அதிகாரிகள் பிடித்ததும் அப்படிப்பட்ட போலிகளைத்தான். பிட்ஸ்பர்கைச் சேர்ந்த தொழிலதிபரும் கோல்ஃப் வீரருமான எபன் பையர்ஸ், கையில் அடிபட்ட பிறகு மருத்துவர் சொன்னதன் பேரில் ரேடிதோர் குடிக்கத் தொடங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட புட்டிகளைக் குடித்தார். தாடை எலும்பு அரித்துப்போய் 1932 மார்ச்சில் இறந்தார். ஃபெடரல் வர்த்தக ஆணையம் 1931 டிசம்பரில் ரேடிதோர் விளம்பரத்துக்குத் தடை விதித்தபோது பிடித்துக்கொண்ட இழை, தீங்கற்றது, நோய் தீர்க்கும் என்ற வாக்குறுதிகள். விஷம் விற்றதற்காக அல்ல, விளம்பரத்துக்காகத்தான் அந்தச் சரக்கை நிறுத்த முடிந்தது.

இந்த ஓட்டையை 1938-ல் வந்த இரண்டு சட்டங்கள் அடைத்தன. ஒன்று உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள்களுக்கான புதிய சட்டம். மற்றது, விளம்பரங்களைக் கண்காணிக்க வர்த்தக ஆணையத்துக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்த வீலர்-லீ திருத்தம். முந்தைய ஆண்டில்தான் உச்ச நீதிமன்றம், கலைக்களஞ்சிய விற்பனை தொடர்பான ஒரு வழக்கில், சட்டம் சந்தேகப் பிராணிகளுக்கு மட்டுமல்ல, நம்பி வாங்குகிறவர்களுக்கும்தான் என்று சொல்லியிருந்தது. ஏமாளியையும் காப்பது அரசின் வேலை என்ற எண்ணம் அடுத்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு நின்றது. 1983-ல் ஆணையம் தன் கொள்கையைத் திருத்தி எழுதி, நிதானமாக நடந்துகொள்ளும் சாதாரண நுகர்வோரைத்தான் அளவுகோலாக வைப்போம் என்று அறிவித்தது. பின்னால் வந்த வழக்குகளில் பாதிச் சண்டை, அந்தச் சாதாரண நுகர்வோர் யார் என்பதைப் பற்றியது.

இடையில் போட்டி நிறுவனங்கள் களத்தில் இறங்கின. வர்த்தகச் சின்னங்களுக்கான 1946-ஆம் ஆண்டு லான்ஹம் சட்டத்தில் பொய் விளம்பரத்தைத் தடுக்கும் பிரிவு ஒன்று உண்டு. 1982-ல் டிராப்பிக்கானா நிறுவனம் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் கொடுத்தது. ஒலிம்பிக் வீரர் ஒருவர் ஆரஞ்சுப் பழத்தைக் கையில் பிழிவார். சாறு நேரே அட்டைப் பெட்டிக்குள் விழும். பழத்திலிருந்து வந்தபடியே தருகிறோம் என்பார். நிஜத்தில் அந்தச் சாறு கொதிநிலைக்குச் சற்றுக் குறைவான சூட்டில் பாஸ்டராக்கம் ஆகி, சில சமயம் உறையவும் வைத்த பிறகுதான் பெட்டிக்கு வரும். 'மினிட் மெய்ட்' ஆரஞ்சுச் சாறு விற்ற கோகோ கோலா வழக்குப் போட்டது. சொற்கள் மட்டுமல்ல, காட்சியே பொய் சொல்லலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் விளம்பரத்தை நிறுத்தியது. அன்று வாதியாக நின்று வென்ற கோகோ கோலா, பின்னர் இதே சட்டத்தின் கீழ் இதே மினிட் மெய்டுக்காகப் பிரதிவாதியாக நிற்கப் போகிறது.

லேபிள் பொய் எல்லாவற்றிலும் கூசாமல் நடந்தது பீச்-நட் நிறுவனத்தின் ஆப்பிள் சாறு விவகாரம். கைக்குழந்தைகளுக்கென்று தனியாக விற்ற சாறு அது. நூறு சதவீதம் ஆப்பிள், சர்க்கரை சேர்க்காதது என்று லேபிள் சொன்னது. 1977 முதல் நிறுவனம் ஒரு வியாபாரியிடம் அடர்சாறு வாங்கியது. மற்றவர்களைவிட அவர் விலை கணிசமாகக் குறைவு. அந்தச் சரக்கில் ஆப்பிள் பெரும்பாலும் இல்லை, முழுக்கவே இல்லாத தருணங்களும் உண்டு. பீட்ரூட் சர்க்கரை, கரும்புச் சர்க்கரை, சோளப் பாகு, மாலிக் அமிலம், நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை, வாசனைப் பொருள். நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுத் தலைவர் சந்தேகப்பட்டார், மேலிடத்துக்கு எழுதினார், யாரும் கேட்காததால் வேலையை விட்டார். 1982-ல் விஷயம் வெளியே கசிந்தபோது, சரக்கை அழிப்பதற்குப் பதில், நியூயார்க் மாநில அதிகாரிகள் கைவைப்பதற்குள் லாரிகளில் ஏற்றி இரவோடிரவாக நியூ ஜெர்சிக்குக் கடத்திவிட்டார்கள். 1987-ல் நிறுவனம் 215 குற்றங்களை ஒப்புக்கொண்டு 20 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அடுத்த ஆண்டு நிறுவனத்தின் தலைவரும் துணைத் தலைவர் ஒருவரும் குற்றவாளிகள் என்று ஜூரி தீர்ப்பளித்தது. குழந்தைகள் யாரும் நோய்வாய்ப்படவில்லை, சர்க்கரைத் தண்ணீர்தானே என்பது நிறுவனத் தரப்பின் ஒரு வாதம். நூறு சதவீதம் என்று எழுதிய இரண்டு சொல்லுக்கு அதனால் பதில் ஆகவில்லை. சாறு வாங்கிய பெற்றோர் சார்பில் போட்ட குழு வழக்கும் பெருந்தொகையில் சமரசமானது.

குழு வழக்கு என்ற கருவி கூர்மையானது 1966-ல். ஒரே மாதிரிப் பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்காக ஒருவரே வழக்காடலாம் என்ற விதியை ஃபெடரல் நீதிமன்றங்கள் அந்த ஆண்டு திருத்தியமைத்தன. ஒரு புட்டி ஜூஸில் ஏமாந்தவரின் நட்டம் ஓரிரு டாலர். அதற்காக யாரும் வக்கீல் வைக்க மாட்டார்கள். நாடு முழுக்க விற்ற புட்டிகளைக் கூட்டினால் கோடிகளில் வரும். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் 1970-ஐ ஒட்டிக் கொண்டுவந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களும் இதற்கு வழிவிட்டன. மத்திய உணவுச் சட்டத்தின் கீழ் தனிமனிதர் வழக்குப் போட முடியாது. அது அரசின் உரிமை. ஆகவே எல்லாரும் மாநிலச் சட்டத்தின் வழியே உள்ளே நுழைந்தார்கள். உடம்புக்கு ஒன்றும் ஆகியிருக்க வேண்டியதில்லை, லேபிளை நம்பிக் கூடுதல் விலை கொடுத்ததே நட்டம் என்பது வாதத்தின் அடித்தளம். பூட்டு தொடர்பான ஒரு வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2011-ல் இதை ஏற்றுக்கொண்டது. அந்த மாநிலத்தின் வடக்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்றத்தில் உணவு, பான வழக்குகள் குவிந்ததில், வணிக வளாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வழங்கும் 'ஃபுட் கோர்ட்' என்ற பெயரையே அதற்குக் கேலியாகச் சூட்டிவிட்டார்கள்.

முதலில் மொத்தமாக மாட்டியது 'இயற்கையானது' என்ற லேபிள். உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு இலக்கணம் வகுக்க 1990-களின் தொடக்கத்தில் யோசித்து, முடியாது என்று விட்டுவிட்டது. செயற்கையாக எதையும் சேர்க்கவில்லை என்றால் ஆட்சேபணை இல்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. ஸ்னாப்பிள் பானத்தில் சோள மாவிலிருந்து நொதிகள் கொண்டு தயாரித்த ஃபிரக்டோஸ் பாகு இருக்கிறது, அது எப்படி முழுக்க இயற்கை என்று வழக்கு வந்தது. மத்திய அரசே இலக்கணம் சொல்லாதபோது மாநிலச் சட்டத்தில் வழக்காடத் தடையில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் சொன்னது. அரசு தட்டிக்கழித்த கேள்வி நீதிமன்ற வாசலுக்கு வந்து சேர்ந்தது. இந்த வகை வழக்குகள் பெருகியதற்கு வக்கீல்களின் பேராசையைக் காரணம் சொல்வது வழக்கம். அரசின் மௌனத்துக்கும் அதில் சமபங்கு உண்டு.

விரிவாகப் பார்க்க வேண்டியது 'வைட்டமின் வாட்டர்' வழக்கு. கிளாசோ என்ற சிறிய நிறுவனத்தின் இந்தப் பானத்தை 2007-ல் கோகோ கோலா 410 கோடி டாலருக்கு வாங்கியது. புட்டி மருந்துக் குப்பியைப்போல் வெள்ளையும் ஒரு வண்ணமுமாக இருக்கும். ஒவ்வொரு சுவைக்கும் 'பாதுகாப்பு', 'மீட்பு', 'சக்தி' என்ற பொருளில் பெயர். வைட்டமின் கூட்டல் தண்ணீர் சமம் உங்கள் கையில் இருப்பது என்று கணிதச் சமன்பாடாகவே லேபிளில் எழுதியிருந்தார்கள். அந்தக் கூட்டலில் சர்க்கரை வரவில்லை. 20 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 590 மில்லி புட்டியில் சுமார் 33 கிராம் சர்க்கரை இருந்தது. எல்லாம் பின்பக்க அட்டவணையில் முறைப்படி எழுதித்தான் இருந்தது.

பொதுநல அறிவியல் மையம் என்ற நுகர்வோர் அமைப்பின் ஆதரவோடு 2009 ஜனவரியில் வழக்கு வந்தது. நிறுவனத்தின் வக்கீல்கள் எடுத்த வாதங்களில் ஒன்று பிற்பாடு உலகம் சுற்றியது: வைட்டமின் வாட்டர் உடம்புக்கு நல்ல பானம் என்று எந்த நுகர்வோரும் நியாயமாக நம்பியிருக்க முடியாது. விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழித்து உண்டாக்கிய நம்பிக்கையை, நீதிமன்றத்தில் நம்புகிறவன் மடையன் என்ற தோரணையில் கைவிட்டார்கள். நீதிபதி ஜான் கிளீசன் 2010 ஜூலையில் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். பின்பக்கத்தில் சர்க்கரை அளவு இருப்பதால் முன்பக்கத்து மயக்கம் தெளிந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றார். முன்பக்கத்துப் பொய்யைப் பின்பக்கத்துப் பொடி எழுத்து சரிசெய்யாது என்று, கெர்பர் நிறுவனத்தின் குழந்தைத் தின்பண்ட வழக்கில் 2008-லேயே வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஐந்தாறு ஆண்டு இழுபறிக்குப் பிறகு சமரசம். குடித்தவர்களுக்குப் பணம் எதுவும் இல்லை. இனிப்பூட்டிகள் சேர்ந்தது என்ற வரியும் கலோரி எண்ணிக்கையும் லேபிளின் முகப்புக்கு வந்தன. அவ்வளவு வழக்காடியதன் பலன் அந்த ஒரு வரிதான். ஆனால் வழக்குக்குத் தேவைப்பட்ட வரி அதுவே என்றும் சொல்லலாம்.

மாதுளை வழக்கு இன்னும் சுவாரசியமானது. கோகோ கோலா 2007-ல் மினிட் மெய்ட் பெயரில் மாதுளை-புளூபெரிச் சாறு ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் 99.4 சதவீதம் ஆப்பிளும் திராட்சையும். மாதுளை 0.3 சதவீதம், புளூபெரி 0.2, ராஸ்பெரி 0.1. லிட்டருக்கு 3 மில்லி மாதுளை. லேபிளில் மாதுளை, புளூபெரி என்ற இரண்டும் பெரிய எழுத்தில். ஐந்து சாறுகளின் கலவை என்பது அதற்குக் கீழே சின்ன எழுத்தில். பழப் படத்தில் பாதியாக அறுத்த மாதுளைதான் முன்னால் உட்கார்ந்திருந்தது. மாதுளைச் சாற்றையே பிழைப்பாகக் கொண்ட பாம் வண்டர்ஃபுல் நிறுவனம் 2008-ல் லான்ஹம் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. சாறுகளின் கலவைக்கு, குறைவாக உள்ள பழத்தின் பெயரையும் சுவையைக் குறித்து வைக்கலாம் என்று உணவு நிர்வாக விதியே அனுமதிக்கிறது, விதிப்படி நடந்தவரை எப்படித் தண்டிப்பது என்பது கோகோ கோலாவின் கேடயம். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அதை ஏற்றுக்கொண்டன.

2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற வாதத்தின்போது, நுகர்வோர் அவ்வளவு விவரமில்லாதவர்கள் அல்ல என்று கோகோ கோலாவின் வக்கீல் சொன்னார். நீதிபதி ஆண்டனி கென்னடி, தானும் அதை மாதுளைச் சாறு என்றுதான் நினைத்ததாகச் சொல்ல, நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. சாதாரண நுகர்வோர் யார் என்ற கேள்விக்கு அன்று ஒரு விடை நீதிபதி மேடையிலேயே உட்கார்ந்திருந்தது. ஜூன் 12-ல் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, உணவு விதிக்கு இணங்கினால் மட்டும் போட்டி நிறுவனத்தின் வழக்கிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் கென்னடியே. இந்த இடத்தோடு கதையை நிறுத்திக்கொள்கிறவர்கள் பலர். ஆனால் வழக்கு கீழே திரும்பி, 2016-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜூரி முன் வந்தபோது, லேபிள் ஏமாற்றியதாகப் பாம் நிரூபிக்கவில்லை என்று கோகோ கோலா பக்கம் தீர்ப்பானது.

பாமின் கையும் சுத்தமில்லை. இதயநோய், புராஸ்டேட் புற்றுநோய் முதலியவற்றுக்கு மாதுளைச் சாறு நல்லது என்று அந்த நிறுவனம் விளம்பரம் செய்தது. கழுத்தில் அறுந்த தூக்குக் கயிற்றோடு நிற்கும் புட்டியைக் காட்டி, சாவை ஏமாற்றலாம் என்ற தொனியில் ஒரு விளம்பரம். ஆராய்ச்சிக்கு 3.5 கோடி டாலர் செலவழித்ததாகச் சொன்னார்கள். ஆனால் அந்த ஆராய்ச்சியில் சாதகமான முடிவை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள் என்பது வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2010-ல் தொடங்கிய நடவடிக்கை, 2015 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் பாமுக்கு எதிராகவே முடிந்தது.

'ரெட் புல்' வழக்கைப் பற்றித் தவறான கதை ஒன்று பரவலாக உலவுகிறது: குடித்தும் சிறகு முளைக்கவில்லை என்று ஒருவர் வழக்குப் போட்டு வென்றார் என்று. உண்மை அப்படியல்ல. சாதாரண காபியைவிட அதிக ஆற்றலும் கவனமும் தருவதாக விளம்பரம் செய்து கூடுதல் விலைக்கு விற்கிறார்கள், ஆனால் 8.4 அவுன்ஸ் டின்னில் இருப்பது 80 மில்லிகிராம் காஃபின், ஒரு பெரிய கோப்பை காபியில் இதைவிட அதிகம் உண்டு என்பதுதான் 2013-ல் வந்த வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் 1.3 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. வாங்கியவர்கள் 10 டாலர் பணமாகவோ 15 டாலருக்குப் பானமாகவோ பெறலாம், ரசீது தேவையில்லை என்றதும் கோரிக்கை குவிந்து, ஆளுக்குக் கிடைத்த தொகை பாதிக்கும் கீழே போனது.

பிறந்த ஊரை வைத்தும் வழக்குகள் வந்தன. ஜெர்மன் பெயரோடு 1873 முதல் வரும் 'பெக்ஸ்' பியரை 2012 முதல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் காய்ச்சினார்கள். விலை மட்டும் இறக்குமதிச் சரக்கின் விலை. 2015-ல் சமரசம்: ரசீது உள்ளவருக்கு 50 டாலர் வரை, இல்லாதவருக்கு 12. ஹவாயின் வரைபடத்தையே அட்டைப் பெட்டியில் அச்சிட்டு, பிரதான நிலப்பரப்பில் காய்ச்சிய 'கோனா' பியருக்கு 47 லட்சம் டாலர். ஆனால் 'ரெட் ஸ்டிரைப்' பியர் ஜமைக்கா பாணி என்று மட்டும் சொல்லி, எங்கே தயாரானது என்பதையும் லேபிளில் போட்டிருந்ததால் தப்பியது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீதிமன்றம் எங்கே கோடு போட்டது என்பது புரியும். பாணியைச் சொல்லலாம், வராத ஊரிலிருந்து வந்ததாகப் படம் காட்டக் கூடாது.

எல்லா வழக்கும் நிற்கவில்லை. 'டயட்' சோடா எடையைக் குறைக்கும் என்று நம்பினேன் என்ற வழக்கை 2019 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. சோடாவுக்கு முன்னால் அந்த அடைமொழி வந்தால் கலோரி குறைவு என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள் என்றது. 2018-ல் 'லக்ரோயி' சோடாவில் கரப்பான்பூச்சி மருந்தில் உள்ள பொருள் இருக்கிறது என்று பரபரப்பான வழக்கு வந்தது. ஆரஞ்சு முதலிய பழங்களிலும் மூலிகைகளிலும் இயற்கையாகவே உள்ள லினலூல்தான் அந்தப் பொருள். 2020-ல் வழக்கைப் போட்டவர்களே குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் நிறுவனத்தின் பங்கு விலை சரிந்துவிட்டிருந்தது. 'கனடா டிரை' ஜிஞ்சர் ஏல் தன் லேபிளில் இருந்த, நிஜ இஞ்சியில் செய்தது என்ற வரியை 2019 சமரசத்துக்குப் பிறகு அமெரிக்காவில் கைவிட்டது.

இப்போதைய சண்டை குடலைப் பற்றியது. நார்ச்சத்து சேர்த்த சோடாக்கள் 2020-க்குப் பிறகு அமெரிக்கக் கடைகளை நிறைத்தன. அவற்றில் முன்னணியில் இருந்த 'பாப்பி', குடலுக்கு ஆரோக்கியம் தரும் என்ற தோரணையில் விற்றது. ஒரு டின்னில் இருப்பது கற்றாழை போன்ற அகேவிலிருந்து எடுத்த இனுலின் நார் 2 கிராம். அது ஏதாவது பலன் தர வேண்டுமானால் ஒரு நாளைக்கு நாலு டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும், அப்படிக் குடித்தால் சேரும் சர்க்கரை அந்தப் பலனையும் தின்றுவிடும் என்று 2024-ல் கலிஃபோர்னியாவில் குழு வழக்கு வந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆனால் 2025-ல் 89 லட்சம் டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. அதே ஆண்டு பெப்சிகோ 195 கோடி டாலர் விலை பேசிப் பாப்பியை வாங்கியது.